ஈராம் துரை வரையாமல் விட்ட வீடு

ஹிராம் வெதர்பி என்ற அமெரிக்க ஓவியர் நாற்பத்தோரு வயதில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைக் கையில் எடுத்தது ஏன் என்று அவர் தேசத்துப் படிப்பாளிகள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். ஒருத்தர் கண்ணில் புரை விழுந்தது என்கிறார். இன்னொருத்தர் காதல் தோல்வி என்கிறார். மூன்றாமவர் கொஞ்சம் கூடுதல் விவரமானவர், இந்தியாவின் வெயில் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஒரு முழுப் புத்தகமே போட்டிருக்கிறார். வெயிலாவது மண்ணாவது! பழனி மலை அடிவாரத்தில், பெரியகுளத்துக்கு மேற்கே நாலு கல் தொலைவில் இருக்கிற கரட்டுப்பட்டிக்கு வந்து, வழியில் போகிற யாரையாவது நிறுத்திக் கேட்டிருந்தால், ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பார்கள். ஒச்சம்மா என்ற பெண்பிள்ளைதான் காரணம், அவள் புருசன் சடையாண்டியின் பகல் தூக்கம்தான் காரணம். இதற்கு எதற்கு ஐயா புத்தகம்?

தாது வருசப் பஞ்சத்துக்கு இருபது வருசம் முந்தி, ஒரு தை மாதத்தில், மிஷன் பங்களாவில் இருந்த சிநேகிதரைப் பார்க்க வந்த ஹிராம் துரை, மாட்டு வண்டியில் இந்தப் பக்கம் போகும்போது கரட்டுப்பட்டியைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய வண்டி ஆறு வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் மொட்டைக் கரடு என்ற பாறைக் குன்றின் உச்சியில் கூடாரம் போட்டார். பேச்சுத் துணைக்கு மிஷனில் இருந்து ஞானாபரணம் உபதேசியார் வந்து சேர்ந்தார். துரை பேசுகிற இங்கிலீஷைத் தமிழாக்கி, ஊர் பேசுகிற தமிழை இங்கிலீஷாக்கி, இரண்டுக்கும் நடுவில் தன் பங்குக்கு ஒரு வேத வசனத்தையும் சேர்த்துவிடுவது அவர் வழக்கம். ஹிராம் என்ற பேர் எங்கள் சனங்களின் வாயில் ஈராம் என்று ஆகி, ஈராம் துரை என்று நிலைத்துவிட்டது.

துரை ஆள் தங்கமானவர், அதில் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது, கண்டதைக் கண்டபடி வரையமாட்டார். கடவுள் ஆறே நாளில் அவசர அவசரமாகச் செய்துவிட்டுப் போன உலகத்தை நிதானமாகத் திருத்தி வைப்பதுதான் படக்காரன் வேலை என்று அவருடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். அங்கே எல்லாப் படக்காரர்களுக்கும் அதுதான் பாடம். இடது பக்கம் முன்னால் இருட்டாக ஒரு பெரிய மரம், நடுவில் தண்ணீர், தூரத்தில் நீலமாக மலை, கண் இளைப்பாற ஓரத்தில் நாலு கால்நடை. இப்படி அமையாத இடத்தை அமைய வைப்பார்கள், ஆற்றை வளைப்பார்கள், குன்றை நகர்த்துவார்கள். கரட்டுப்பட்டியில் அதற்கு அதிக வேலை இருக்கவில்லை. கரட்டில் இருந்து மேற்கே பார்த்தால் இடது பக்கம் புளியமரம், நடுவில் கம்மாய், அதற்கும் அப்பால் பழனி மலை என்று அதது அதனதன் இடத்தில் இருந்தது. ஒரே ஒரு குறைதான். கம்மாய்க் கரையில் தன்னந்தனியாக, புல் கூரை ஒரு பக்கம் சரிந்து, பார்த்தவர் கண்ணைப் பிடுங்குகிற மாதிரி ஒரு வீடு நின்றது.

அது ஒச்சம்மாவின் வீடு. ஒச்சம்மா வெற்றிலைக் கொடிக்காலில் பகலெல்லாம் கொழுந்து கிள்ளுகிறவள், சடையாண்டி அதே கொடிக்காலுக்கு ராக்காவல். அவள் வீடு திரும்பும்போது அவன் காவலுக்குப் போயிருப்பான், அவன் வீடு திரும்பும்போது அவள் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆகிப் பதினோரு வருசத்தில் இருவரும் சேர்ந்து முழித்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு திருவிழாவுக்குக் காணாது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், படம் முடிந்தது என்று துரை மூலையில் தன் பேரை எழுதினார். அதே நேரத்தில், சரிந்த கூரைக்குப் போடலாம் என்று வேலைக்கு நடுவில் தலையில் புல்லுக்கட்டோடு கம்மாய்க் கரைக்கு வந்த ஒச்சம்மா, வீடு இருந்த இடத்தில் வீடு இல்லாமல், அங்கே வெள்ளை மூஞ்சியோடு மூன்று செவலை மாடுகள் நிற்பதைப் பார்த்தாள். புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். மாடுகள் வந்து அதைத் தின்ன ஆரம்பித்தன.

"அட கூத்தே!" என்றாள் ஒச்சம்மா. "எங்கிட்டுடா போச்சு வீடு?"

மாட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், அந்தப் பக்கம் என்று ஒன்று மாட்டுக்கு இல்லை. கரட்டில் இருந்து தெரிகிற பக்கம் முடியும் வாலும் காம்புமாகக் கொழுகொழுவென்று இருக்க, மறுபக்கம் துரை படம் தீட்டுகிற வெறும் கித்தான் துணி, முரடாக, நூல் பிரிந்து. ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். புளியமரமும் மலையும் முன்பே இருந்தவை, அவற்றின் பின்பக்கம் அவற்றிடமே பத்திரமாக இருந்தது. துரை கைவேலையாகப் புதுசாக முளைத்த மாட்டுக்குத்தான் ஒரு பக்கம். ஏன் இப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை, கரட்டுப்பட்டியில் ஆனதைப் பற்றி ஏன் என்று கேட்டு யாருக்கும் பழக்கம் இல்லை. மாடு யாருக்குச் சொந்தம் என்றுதான் முதல் கேள்வியே வந்தது. வடக்குத் தெருக்காரர்கள் கரை எங்களுடையது என்றார்கள், தெற்குத் தெருக்காரர்கள் தண்ணீர் எங்களுடையது என்றார்கள், கடைசியில் மணியக்காரர் திருமேனியா பிள்ளை தலையிட்டு, தெருவுக்கு ஒரு மாடு, மூன்றாவது மாடு கோயிலுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். பக்கத்துக்கு இரண்டு காம்புதான் என்றாலும் பால் குடம் நிறையப் பீச்சியது. ஆறிய பாலில் லேசாக எண்ணெய் வாடை அடித்தது. இது காபூல் மாடு, அதற்கு அப்படித்தான் இருக்கும் என்று காபூலையே பார்க்காத ஒருத்தர் சொல்ல, ஊர் ஒத்துக்கொண்டது.

வீட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. ஒச்சம்மா மட்டும் பேசினாள்.

"வீடு போனாப் போகுது, புல்லுக் கூரதான, ரெண்டு நாள்ல வேஞ்சுருவேன்" என்றாள். "உள்ள ஆளு படுத்திருந்துச்சேய்யா! எம் புருசன் உள்ள படுத்திருந்துச்சே!"

கரட்டின் மேல் ஏறி, உபதேசியாரை இழுத்துப் பிடித்து நிறுத்தி, துரையிடம் சொல்லச் சொன்னாள். துரை, வீட்டை விட்டுவிட்டு அங்கே மூன்று மாடு வரைந்த தன் படத்தைப் பார்த்தார், கம்மாய்க் கரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பாவம், அவர் பக்கத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருசமாக நியூயார்க்கில் நடக்கும் கண்காட்சிக்குப் படம் அனுப்புகிறார், ஒன்பது வருசமும் மாடிப்படிக்குக் கீழே, குடை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். இந்தப் படம்தான் அவரை நடுச் சுவருக்குக் கொண்டுபோகும், அது அவருக்குத் தெரிந்துவிட்டது. பங்குனி கடைசியில் தூத்துக்குடியில் கப்பல். பேர் எழுதி முடித்த படத்தைத் தொடுவதா?

"அந்த வீடு அங்கே இருந்தால், பார்க்கிறவர் கண் வேறு எங்கும் போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறது அம்மா" என்று உபதேசியார் வாய்வழியாகத் துரை கெஞ்சினார். "படம் கெட்டுப்போகும்."

"என் கண்ணுந்தான்யா அங்கனயே நிக்குது! ஒரு படம் கெட்டா என்ன, எங் குடியே கெட்டுப்போச்சே?" என்றாள் ஒச்சம்மா.

இதற்குள் செய்தி பரவி ஊரே கரட்டில் ஏறத் தொடங்கியிருந்தது. கிணற்றை வீட்டோரமாகத் தள்ளி வரைந்துவிடச் சொல்லி ஒருத்தர், பங்காளியின் வரப்பை இரண்டு முழம் அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லி ஒருத்தர், அந்தப் பங்காளியே வந்து அதே வரப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லி, மருமகளைக் கொஞ்சம் குள்ளமாக்கச் சொல்லி ஒருத்தி, மொட்டைக் கோபுரத்தை முடித்துத்தரச் சொல்லிப் பூசாரி, மாமனாரை மலைக்கு அந்தப் பக்கம் வரையச் சொல்லி ஒரு மாப்பிள்ளை, இப்படி வெற்றிலை பாக்கு தட்டோடு காலையில் ஏறி மாலையில் இறங்கி, மறுநாள் மறுபடி ஏறி, துரை எல்லாரையும் பார்த்து இரண்டு கையையும் விரித்து, இன்னும் ஒரு புள்ளி வைத்தாலும் படம் பாழ் என்று சொல்லச் சொல்ல, உபதேசியாருக்குத் தொண்டை கட்டிப்போனது.

ஒச்சம்மா மணியக்காரரிடம் பிராது வைத்தாள். புளியமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. வீட்டைத் திரும்ப வரைய வேண்டுமென்றால் மாடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டதால், வழக்கு இப்படி ஆகிவிட்டது, ஒரு பக்கம் சடையாண்டி, மறுபக்கம் மூன்று மாடு. கரட்டுப்பட்டிப் பெரிய மனிதர்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, வெட்கமே இல்லாமல் யோசித்தார்கள் பாருங்கள்!

"சடையாண்டி நல்லவன்தான், இல்லேங்கல" என்றார் மணியக்காரர். "ஆனா தாயி, அவன் பகல்ல தூங்குறவன். இருந்தாலும் இல்லாட்டியும் பகல்ல ஒரே மாதிரிதான். மாடு அப்படியா? ரெண்டு தெருப் புள்ளைகளும் பால் குடிக்குது."

"அப்ப ராத்திரி ஒங்க கொடிக்கால மாட்ட விட்டுக் காவல் காக்கச் சொல்லுங்க" என்றாள் ஒச்சம்மா. "ஒரு பக்கந்தான் கண்ணு இருக்கு, மறுபக்கம் எவன் வெத்தலயக் கிள்ளிட்டுப் போனாலும் அதுக்குத் தெரியாது. எம் புருசனுக்கு ரெண்டு பக்கமும் இருக்குய்யா!"

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாமல், மாட்டைக் கோயில் பக்கம் மாற்றி வரைந்து, வீட்டைப் பழைய இடத்தில் வைக்கலாம், துரை சம்மதித்தால் ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று மணியக்காரர் நழுவிக்கொண்டார்.

துரை சம்மதிக்கவில்லை. படத்தைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். ஒச்சம்மா மறுபடி கரட்டில் ஏறி வந்தாள். அந்தச் சாக்குக்கு முன்னால், பாறை மேல், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வேலைக்குப் போகவில்லை, யார் கஞ்சி கொண்டுவந்தாலும் வாங்கவில்லை. துரை இந்தப் பக்கம் திரும்பினால் அவள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம். மலையைப் பார்க்கலாம் என்றால் மலைக்கு முன்னால் ஒச்சம்மா, தண்ணீரைப் பார்க்கலாம் என்றால் தண்ணீருக்கு முன்னால் ஒச்சம்மா. மூன்றாம் நாள் துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்கை அவிழ்த்து, சுரண்டும் கத்தியை எடுத்தார். அதைப் பார்த்து ஒச்சம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. என்ன செய்வது, புருசன் அல்லவா?

மாடுகள் கோயிலுக்குப் பக்கத்தில் போய் நின்றன. வீடு வந்தது. துரை ஒன்றையும் திருத்தவில்லை, சரிந்த கூரை, பிசகிய நிலைப்படி எல்லாம் அச்சு அசல். ஒச்சம்மா கரட்டில் இருந்து ஓட்டமாக இறங்கிக் கதவைத் தள்ளினாள். கதவு திறக்கவில்லை, சாயம் கையில் ஒட்டியது. பின்னால் போய்ப் பார்த்தால் கித்தான்.

ஊர் உட்கார்ந்து யோசித்தது. உள்ளே இருப்பதைத் துரை பார்த்ததே இல்லை, பார்க்காததை எப்படி வரைவார்? கூரையைக் கொஞ்சம் பிரித்த மாதிரி காட்டி, கட்டிலில் சடையாண்டி படுத்திருப்பது போல உத்தேசமாக ஒன்றை வரைந்துவிடலாமே என்று ஒருத்தர் யோசனை சொன்னார்.

"ஒரு பக்கம் மட்டும் இருக்குற புருசன வச்சு நான் என்னய்யா செய்ய?" என்றாள் ஒச்சம்மா. "குப்புறப் படுத்தா கித்தான் தைக்கணுமா?"

அப்போதுதான் அவள் கண்ணில் துரையின் சட்டைப் பையில் இருந்த குட்டி நோட்டுப் புத்தகம் பட்டது. வழியில் பார்த்ததை எல்லாம் அதில் அவர் கிறுக்கிவைப்பார். "வரைய முடியாட்டி எழுதுங்க தொர" என்றாள். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. எழுத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா?" உபதேசியார் அதை இங்கிலீஷாக்கிச் சொன்னபோது, துரை நோட்டைப் பையில் இருந்து வெளியே எடுத்தார்.

வீட்டு வாசலில் ஒரு ஓலைப்பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒச்சம்மா சொன்னாள், அடுப்புக்கு மூணு கல்லு, நடுக்கல்லு ஆடும். உபதேசியார் மொழிபெயர்த்தார், துரை எழுதினார். உள்ளே கல் ஒன்று டொக்கென்று விழுந்த சத்தம் கேட்டது. கூடியிருந்தவர்கள் "ஆங்!" என்றார்கள். தண்ணிப் பானை வாயில ஒரு வெடிப்பு, அதுல அரக்கு வச்சு அடச்சிருக்கு. உள்ளே தண்ணீர் தளும்பியது. அதுவரைக்கும் சரி. பிறகு துரைக்குப் பழைய புத்தி தலைகாட்டி, நறுமணம் கமழும் எளிய இல்லம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். சுவரில் இருந்து அத்தர் வாசனை குப்பென்று அடித்தது, பக்கத்தில் நின்ற ஆடு தும்மியது.

"யாரு வீட்டுல அத்தர் அடிக்குது?" என்று ஒச்சம்மா எழுந்துவிட்டாள். "எங்க வீட்டுல கருவாட்டு வாடையும் நனஞ்ச புல்லு வாடையுந்தான் அடிக்கும். இருக்குறத எழுதுங்க தொர! இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க."

துரை அடித்துவிட்டு எழுதினார். கருவாட்டு வாடை வந்தது. வாத்தியார் கற்றுக்கொடுத்த பாடத்தை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக அடித்து அடித்து எழுதி, நான்கு நாளில் பரண், உறி, கிழிந்த பாய், எலி வளை, எலி உள்பட வீடு முழுசாக வந்து சேர்ந்தது. பின்பக்கக் கித்தான் மண் சுவராகி, அதில் ஒரு பல்லியும் ஒட்டிக்கொண்டது. கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இல்லாமல் உள் தாழ்ப்பாளை யார் எடுப்பது? அவன்தானே உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுப் படுத்தவன்.

ஆக, அடுத்து எழுத வேண்டியது சடையாண்டி. அன்றைக்கு மத்தியானம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஒச்சம்மாவைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். சித்தப்பன் மகனைக் கட்டிய மதினி சிட்டம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏய் ஒச்சு, ஒம் புருசன் கொறட்ட விடுறதச் சொல்லாத, விட்டுரு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பான் என்று சொல்லு என்றாள் ஒருத்தி. சந்தைக்குப் போனால் மறக்காமல் பூ வாங்கி வருவான் என்று சொல்லு என்றாள் இன்னொருத்தி. புகையிலை போடமாட்டான், கோபம் வராது, சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைப்பான், பெண்டாட்டி பேசும்போது காது கொடுத்துக் கேட்பான், உயரம் ஒரு சாண் கூட்டிக்கோ, தொப்பையைக் குறை, பாடத் தெரியும் என்று சொல்லு, வேண்டாம் வேண்டாம் பாடத் தெரிந்தால் ஊர் சுற்றுவான், என்று அவர்கள் அடுக்க அடுக்க, அவரவர் வீட்டில் இல்லாத புருசனை எல்லாம் ஒச்சம்மா தலையில் கட்டப் பார்த்தார்கள். அடுத்து எங்கள் வீட்டு ஆம்பளையையும் உள்ளே தள்ளிப் பூட்டி எழுதச் சொல்லலாமா என்று இரண்டு பேர் துரையிடம் விசாரித்தும் ஆயிற்று. அதைக் கேட்ட ஆண்கள் அன்றைக்குப் பகலில் வீட்டுக்குள் படுக்கவே இல்லை.

பொய் சொல்லக் கூடாது, ஒச்சம்மாவுக்கும் ஆசை வந்தது. ஏன் வராது? கம்மாய்த் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து யோசித்தாள். திரும்பிப் பார்க்கிற சடையாண்டி, பூ வாங்கி வருகிற சடையாண்டி. நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒருத்தன் கதவைத் திறந்துகொண்டு வந்தால் அவனிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஆள் யாரோ. அத்தர் அடிக்கிற வீட்டைப் போல அவன் யார் வீட்டு ஆளோ. அவளுக்கு அழுகை வந்தது. அவளுக்கு இவன்தான் வேண்டும், குறட்டையோடு, புகையிலைக் கறைப் பல்லோடு, அந்தப் பாழாய்ப் போன சடையாண்டிதான் வேண்டும்.

போய்ப் பாயில் உட்கார்ந்து சொன்னாள். மறைக்காமல், கூட்டாமல், குறைக்காமல். இடது புருவத்துல கோழி கொத்துன தழும்பு. வலது கால் பெருவிரல் நகம் பாதிதான். சோத்த உருட்டாமப் பெசஞ்சு பெசஞ்சு திங்கும். கூப்பிட்டா மூணாவது தரந்தான் 'ம்' சொல்லும். கொறட்ட விடும், விட்டுக்கிட்டே திரும்பிப் படுக்கும். துரை எழுதிக்கொண்டே போனார், பத்துப் பக்கம், இருபது பக்கம், இருபத்தோராம் பக்கத்தில் வீட்டுக்குள் இருந்து ஒரு குறட்டை கிளம்பியது பாருங்கள், ஊரே கைதட்டியது. ஒச்சம்மா கதவில் காதை வைத்துக் கேட்டாள். அவன் குறட்டைதான், நடுவில் ஒரு சீட்டி வரும், அதுவும் வந்தது.

ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை. கதவைத் தட்டினார்கள், தப்படித்தார்கள், பேரைச் சொல்லி மூன்று தரம் இல்லை, முப்பது தரம் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் குறட்டை ஓயவில்லை. விழித்துக்கொண்டான் என்று துரை எழுதிப் பார்த்தார். குறட்டை ஒரு விநாடி நின்றது, மறுபடி தொடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில், துரை பேனாவை வைத்துவிட்டு ஒன்று கேட்டார், உபதேசியார் ஒரு வசனமும் சேர்க்காமல் அதை அப்படியே சொன்னார். "துரை சொல்றது என்னன்னா, நீ சொன்னது எல்லாம் வெளியே இருந்து பார்த்ததுதான் அம்மா. மனுசன் எதற்காக எழுந்திருக்கிறான்? அவன் மனசில் என்ன ஓடும்? அதைச் சொல்லு, எழுதிவிடலாம்."

ஒச்சம்மா யோசித்துப் பார்த்தாள். பதினோரு வருசம் சோறு போட்டிருக்கிறாள், துணி துவைத்திருக்கிறாள், காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறாள். அந்த ஆளின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தியாலும் எடுத்துக்கொடுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியலையே தொர" என்று ஒச்சம்மா அழுதாள். "கூடவே இருந்துருக்கேன், தெரியலையே."

துரை இரக்கப்பட்டு, அவரே ஏதோ நல்லதாக எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தார். மனைவியின் நினைவால் கண்விழித்தான் என்றோ என்னவோ. ஒச்சம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் துரை முகம் தெரியும். சட்டென்று உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"வேணாம். தெரியாதத எழுதாதீங்க. அந்த எடத்த அப்பிடியே காலியா விட்ருங்க. அது அவுகளுக்கு."

வாழ்க்கையில் ஒரு அங்குலம் இடத்தைக்கூடக் காலியாக விடாத படக்காரர் அவர், ஒன்றுமில்லை என்றால் ஒரு மாட்டையாவது நிற்க வைப்பவர். நெற்றி வியர்க்கப் பேனாவைக் கீழே வைத்தார்.

கதவு திறப்பதற்கு முன்னால் துரை கதையை முடித்துவிடுகிறேன், திறந்த பிறகு அவரை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. படம் தூத்துக்குடிக்கு வண்டியேறி, கப்பலேறி, நியூயார்க் போய்ச் சேர்ந்தது. கம்மாய்க் கரையில் இருக்கும் அலங்கோலமான குடிசை காட்சியைக் கெடுக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள், பத்தாவது வருசமும் மாடிப்படிக்குக் கீழேதான். துரை அதற்கு வருத்தப்படவில்லையாம். தூரிகைகளை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலிக்குச் சாயம் பூசக் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். பதினான்கு புத்தகம் எழுதினார், படித்தவர்கள் எல்லாரும் தங்கள் பக்கத்து வீட்டுக்குள் போய் வந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் எங்கோ ஒரு இடத்தில் ஆறேழு வரி அளவுக்கு வெறுமையாக இருக்கும். அச்சுக்கூடத்துக்காரர்கள் ஈய எழுத்து விழுந்துவிட்டதோ என்று பதறி ஆள் அனுப்பிக் கேட்பார்கள், அது அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவார். படிப்பாளிகள் அதற்கும் ஒரு புத்தகம் போட்டிருப்பார்கள்.

கரட்டுப்பட்டியில் குறட்டை நின்றது. உள்ளே யாரோ கொட்டாவி விட்டார்கள். தாழ்ப்பாள் இழுபட்டது. வேட்டியை இறுக்கிக்கொண்டு சடையாண்டி வாசலுக்கு வந்தான், புருவத்தில் தழும்பு, பாதி நகம், எல்லாம் சரி. ஊர் மொத்தமும் வாசலில் நிற்பதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், ஒச்சம்மாவையும் பார்க்காமல், எல்லாருடைய தலைக்கும் மேலாகக் கிழக்கே பார்த்தான். எல்லாரும் திரும்பினார்கள். ஆறு வாரமும் அதற்கு மேலும் அதன் உச்சியிலேயே குடியிருந்த துரையும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். சாயங்கால வெயில் பட்டு மொட்டைக் கரடு முழுக்கச் செக்கச் செவேலென்று நின்றது.

"பாத்தியா புள்ள" என்றான் சடையாண்டி. "தெனமும் எந்திரிச்சு இதப் பாத்துட்டுத்தான் காவலுக்குப் போவேன். ஒன்னையும் கூப்புட்டுக் காட்டணும்னு நெனப்பேன். நீ கொடிக்கால்ல வேலையா இருப்ப."

ஒச்சம்மா உபதேசியாரைப் பார்த்தாள், துரை மடியில் கிடந்த நோட்டைப் பார்த்தாள். இதில் ஒரு வார்த்தைகூட அவள் சொல்லிக் கொடுத்தது இல்லை.

"பதினோரு வருசமா இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னய்யா கேடு ஒனக்கு?" என்று கத்தினாள், கத்திக்கொண்டே அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள், வெயில் இறங்கும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்குக் கொடிக்காலுக்குக் காவல் இல்லை.